எட்டரை மணிக் குளிர்

எங்கள் நெய்வாக்குடியில் எட்டு வருஷம் குளிர் இருந்தது. ஊர் முழுக்க இல்லை, அடைக்கலம் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியிலிருந்து வைக்கோல் போர் வரைக்கும், ஒரு லிச்சி மரத்தைச் சுற்றி மட்டும். சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரை காலை எட்டரை மணிக்கு வரும், சாயங்காலம் நாலரை மணிக்குப் போகும், வெள்ளிக்கிழமை லீவு. எங்கள் ஊருக்கு பஸ் பிந்தும், கரண்ட் பிந்தும், மழை வராமலே இருந்துவிடும், ஆனால் குளிர் ஒருநாளும் பிந்தியதில்லை.

ஆலங்குடிக்குக் கிழக்கே செம்மண் பூமி எங்களுடையது. பலா காய்க்கும், முல்லையும் மல்லிகையும் பூக்கும், வீட்டுக்கு ஒரு ஆம்பளை வெளிநாட்டில் இருப்பான். அடைக்கலம் போனது குவைத்துக்கு. பழமும் மீனும் வைக்கிற குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. வெயிலில் பிறந்து, அதைவிடப் பெரிய வெயிலுக்குப் பிழைக்கப் போய், அங்கே போய்க் குளிரில் நடுங்க வேண்டும் என்கிற தலையெழுத்து எங்கள் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் வாய்த்தது.

இரண்டு வருஷம் கழித்து முதல் லீவில் நாற்பது நாளைக்கு வந்தபோது, எல்லோரும் கொண்டுவருகிற சோப்பும் சென்ட்டும் போர்வையும் போக, சட்டைப் பையில் ஈரக் கைக்குட்டையில் சுற்றி ஐந்து கொட்டைகள் கொண்டுவந்தார். மூன்று லிச்சி, இரண்டு அதன் பங்காளிப் பழமான லாங்கான். கூட வேலை பார்த்த பீகார்க்காரர் ஒருவர், லிச்சிக் கொட்டை நாலு நாள் காய்ந்தால் செத்துவிடும் என்று சொல்லியிருந்ததால், விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் முறைக்க முறைக்க, குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டே வந்தாராம். ஐந்தில் இரண்டு பிழைத்தன. லிச்சியைக் கிணற்றடியில் வைத்தார், லாங்கானை மேற்கு வேலியோரம் வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் பொட்டல்.

"இது காய்க்கிற வருசம் நான் வந்துடுறேன் புள்ள. அதுக்கப்புறம் போக மாட்டேன்" என்று லிச்சிக் கன்றைக் காட்டி மனைவி இளஞ்சியத்திடம் சொன்னார். லாங்கானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இளஞ்சியம் அந்தக் கன்றை வளர்த்த மாதிரி எங்கள் ஊரில் எவரும் எதையும் வளர்த்ததில்லை. செம்மண்ணில் இலைமக்கைக் கொட்டி, வேர் காயாமல் வைக்கோல் பரப்பி, அரிசி களைந்த தண்ணீரைக்கூட மாட்டுக்குக் காட்டாமல் அதற்கே ஊற்றினாள். மரம் வளர்ந்தது. நிழல் கொடுத்தது, கொழுந்து விட்டது, கொழுந்து செம்பு நிறத்தில் மினுமினுத்தது, பூ மட்டும் விடவில்லை. அடைக்கலம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆடித் திருவிழாவை ஒட்டி நாற்பது நாள் வந்தார், மரத்தைத் தட்டிப் பார்த்தார், போனார். ஒரே மகளுக்கு அறந்தாங்கியில் கல்யாணம் ஆனதும் அப்படியொரு நாற்பது நாளுக்குள்தான். மரத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து மெர்சி என்ற பெண் வந்து, மரத்தைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இது குளிர்ப் பிரதேசத்து மரம்க்கா. மார்கழியில நல்லா நடுங்குற குளிரு ஒரு மாசமாச்சும் பட்டாத்தான் பூக்கும். நம்ம ஊர்ல எங்கேருந்து? வெட்டிட்டு மாங்கன்னு வச்சுருங்க."

அன்று போனில் இளஞ்சியம் இதைச் சொன்னாள். குளிர் வேண்டுமாம், நம்ம ஊர்ல ஏது குளிர் என்றாள். அடைக்கலம் சிரித்தார். "குளிருதானே? இங்க கொட்டிக் கெடக்கு. எடுத்துக்க புள்ள" என்றார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது குளிர் வந்தது.

முதலில் காய்ச்சல் வருகிறது என்று நினைத்தாள். கோழிகள் மரத்தடியை விட்டு வெயிலுக்கு ஓடின. மூச்சு புகையாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னத்தா, இங்கன குளுருதே" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், உடம்பெல்லாம் வேர்க்குரு பூத்து அழுதுகொண்டிருந்த தன் பிள்ளையைத் தூக்கிவந்து மரத்தடியில் கிடத்தினாள். பிள்ளை தூங்கிவிட்டது. அவ்வளவுதான், அதற்குமேல் எங்கள் ஊர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆள் அங்கே இருப்பான், சம்பாத்தியம் இங்கே வரும். குரல் வரும், கல்யாணப் பத்திரிகையில் போடப் பெயர் வரும். குளிர் மட்டும் வரக்கூடாதா என்ன?

வெள்ளிக்கிழமை அது வராதபோதுதான் இளஞ்சியத்துக்குப் புரிந்தது. அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அவர் அங்கே ஆறு மணிக்கு வேலைக்குள் நுழைந்தால் இங்கே எட்டரை.

ஒரு மாதத்துக்குள் வேர்க்குருப் பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மெய்யநாதன், என்றோ ஊட்டிக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கி இருபது வருஷமாய் பீரோவில் வைத்திருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். திருச்சியிலிருந்து யாரோ படித்தவர்கள் கருவியோடு வந்து அளந்தார்கள், நோட்டில் எழுதினார்கள், அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் போய்விட்டார்கள். சித்திரையில் கோயில் பண்டாரம், மாரியம்மன் தன் கனவில் வந்து உடம்பெல்லாம் எரிகிறது என்று சொன்னதாகச் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து சித்திரைத் தேர் கிளம்புமுன் அம்மனை மரத்தடியில் ஒரு மணி நேரம் இறக்கிவைப்பது வழக்கமாயிற்று. வெக்கையின் தெய்வத்துக்கே வெக்கை தாங்கவில்லை, எங்களைச் சொல்வானேன்.

கீழத்தெருப் பெரியவர் ஒருவர் இறந்தபோது அவருடைய மூன்று பிள்ளைகளும் மூன்று தேசத்தில் இருந்தார்கள். ஐஸ் பெட்டி எடுக்கப் புதுக்கோட்டைக்கு ஆள் போகும் முன்பே யாரோ சொல்ல, அவரைப் பெஞ்சோடு தூக்கிவந்து லிச்சி மரத்தடியில் வைத்தோம். இளஞ்சியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள், குளிரில் ஏது ஈ, இருந்தாலும் ஓட்டினாள். "கெளம்பிட்டாகளாம் மாமா, வந்துக்கிட்டு இருக்காகளாம்" என்று இறந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

இவையெல்லாம் சில்லறை. அந்தக் குளிர் உண்மையில் யாருக்கு வந்தது என்றால் எங்களுக்குத்தான், பூக்காரர்களுக்கு. விடியலில் பறிக்கிற மொட்டு உச்சி வெயில் பட்டால் வாய் பிளந்துவிடும், விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் பறித்த கையோடு சந்தைக்கு ஓடுவோம், சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுப்போம். பூ மொத்த வியாபாரம் செய்கிற வெள்ளையம்மாதான் முதலில் ஒரு கூடையை மரத்தடியில் வைத்துப் பார்த்தது. சாயங்காலம் நாலரைக்கு எடுத்தபோது மொட்டு காலையில் கிள்ளின மாதிரியே இருந்தது. அப்புறம் என்ன, ஊர் மொத்தமும் கூடை வைத்தது. சாவகாசமாகப் பறித்தோம், சாவகாசமாக விற்றோம், தஞ்சாவூரிலிருந்து வேன் எங்கள் ஊருக்கே வந்தது. ஓட்டு வீடு மாடி வீடானது. நானும் கூடை வைத்தவன்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இளஞ்சியத்துக்கு அந்தக் குளிர் வேறு. எட்டரை ஆனதும் ஒரு முக்காலியை எடுத்துப்போட்டு மரத்தடியில் உட்காருவாள். மெய்யநாதன் பெண்டாட்டி ஒரு கம்பளியைக் கொடுத்து, போர்த்திக்க ஆத்தா, விறைச்சுப்போற என்றதற்கு, "அவுக படுற குளிரு இது, இதுக்குப் போயி நான் போர்த்திக்கவா?" என்றாள். அவர் பேசாததையெல்லாம் அந்தக் குளிரில் படித்தாள். நாலரைக்குப் போகாமல் ஆறு வரை குளிர் நின்றால் ஓவர்டைம், இன்றைக்கு இடுப்பு வலிக்கும் அவருக்கு என்பாள். நோன்பு மாதத்தில் நேரம் மாறும். ஒருதரம் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெக்கையாக இருந்தது. போன் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர்.

"பொய் சொல்லாதீங்க. நாலு நாளா இங்க புழுங்குது."

பெட்டி காலில் விழுந்து விரல் நசுங்கிவிட்டது, சொல்லவேண்டாம் என்று பார்த்தேன் என்றார். ஐந்தாம் நாள் குளிர் திரும்ப வந்தபோது அவள் அழுதாள். காயத்தோடு வேலைக்குப் போய்விட்டாரே என்று அழுதாளா, வந்துவிட்டாரே என்று அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

இதில் ஒரு கொடுமை இருந்தது, அது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. குளிர் இங்கே வந்துவிட்டதால் அங்கே அவருக்குக் குளிரவில்லை. பீகார்க்காரர் மூன்று சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு பல் கிட்டித்து நிற்க, அடைக்கலம் ஒற்றைச் சட்டையோடு பெட்டி தூக்கினார். மற்றவர்கள் மூட்டு வலித்தும் நெஞ்சில் சளி கட்டியும் ஊர் திரும்ப, அவருக்கு மட்டும் ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். இப்படியொரு ஆளை எந்த முதலாளி விடுவான்?

குளிர் வந்த முதல் வருஷமே தை மாதத்தில் லிச்சி பூத்தது. கிளை நுனியெல்லாம் வெளிர்மஞ்சள் கொத்து. இளஞ்சியம் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். ஆனால் ஒரு பிஞ்சு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பிடித்த ஒன்றிரண்டும் சனிக்கிழமை உதிர்ந்தன. அடுத்த வருஷமும் பூத்தது, உதிர்ந்தது. அதற்கடுத்த வருஷமும். அவள் கூட்டிப் பெருக்கி அள்ளின பூவை மூட்டையாகக் கட்டியிருந்தால் ஒரு அறை நிறைந்திருக்கும்.

லாங்கான் கதை இதற்கு நேரெதிர். அது குளிரின் எல்லைக்கு வெளியே, வேலியோரம், யாரும் கண்டுகொள்ளாமல் நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் உபயத்தில் ஆடித் திருவிழா வாணவேடிக்கை வருஷத்துக்கு வருஷம் பெருத்து, ஒரு வருஷம் பொட்டலெல்லாம் வெடிக்குப்பை மேடாகக் கிடந்தது. அதைக் கூட்டி வேலியோரம் தள்ளினார்கள், மழை பெய்து கரைந்து வேரில் இறங்கியது. ஆவணியில் லாங்கான் தலை கொள்ளாமல் பூத்துவிட்டது. எட்டு வருஷம் கண்முன்னே இருந்த குளிரைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத ஊர், வெடிச் சத்தத்துக்கு ஒரு மரம் பூக்குமா என்று டீக்கடையில் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டது. மாசி பிறந்தபோது மரம் பழமாகத் தொங்கியது. மண் நிறத்தில், கோலிக்குண்டு அளவில், உரித்தால் உள்ளே லிச்சியில் இருக்கிற மாதிரியே கண்ணாடி போன்ற வெள்ளைச் சதை. நாங்கள் வேலிக்கு மேலாகக் கை நீட்டிப் பறித்துத் தின்றோம்.

அந்த மாசியில்தான் மாற்றலாகிப் போயிருந்த மெர்சி திரும்பி வந்தார். லாங்கானைப் பார்த்து, வெடியில் கலக்கிற உப்புக்கு அது பூக்கும், வெளிநாட்டில் அந்த உப்பை வாங்கி வேரில் போட்டே பூக்க வைக்கிறார்கள் என்று ஒரே வரியில் எங்கள் டீக்கடைச் சண்டையை முடித்துவைத்தார். அப்புறம் லிச்சி அடிக்குப் போய், துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூத்துக் குலுங்குகிற மரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு தேனீகூட இல்லயேக்கா."

"தேனீயா? குளிருக்கு எங்க வரும்?"

"அதான் விசயம். பூக்கத்தான் குளிரு வேணும். பூத்ததுக்கப்புறம் குளிரு நிக்கணும். வெதுவெதுன்னு இருந்தாத்தான் தேனீ வரும், பிஞ்சு பிடிக்கும், பழம் வரைக்கும் நிக்கும். இந்தக் குளிரு நிக்காத வரைக்கும் இது காய்க்காது."

இளஞ்சியம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மரம் காய்த்தால் வருவேன் என்று அவர் அங்கே இருக்கிறார். அவர் அங்கே இருக்கிற வரைக்கும் மரம் காய்க்காது. எட்டு வருஷமாக அவரும் மரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கொல்லையில் பேசுகிற எதுவும் எங்கள் ஊரில் கொல்லையோடு நிற்காது. அன்று சாயங்காலம் கூடை எடுக்கப் போனபோது நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தே போனோம். மெய்யநாதன்தான் பேசினார்.

"ஆத்தா, மெர்சியம்மா என்னமோ சொல்லிட்டுப் போச்சாம்ல. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. மரம் காய்க்காட்டி என்னாத்தா, பூத்தாப் போதாதா? ஊரே ஒன் புருசனக் கும்புடுது. இன்னொரு நாலு வருசம் இருந்தாருன்னா…"

வெள்ளையம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் தரையைத்தான் பார்த்தேன். இளஞ்சியம் எல்லோருக்கும் தட்டில் லாங்கான் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தின்றுவிட்டும் வந்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்கள் எங்கள் ஊரில் போனில் 'வாங்க' என்று சொல்வதில்லை. யார் வைத்த சட்டமோ தெரியாது. சொன்னால் அங்கே இருக்கிறவருக்கு வேலையில் கை ஓடாது, கவனம் தப்பும், ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். உடம்பப் பாத்துக்கங்க என்பார்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்க என்பார்கள், பிள்ளை தேடுது என்றுகூடச் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுவார்கள். இளஞ்சியம் இருபத்திரண்டு வருஷமாக விழுங்கியிருந்தாள். மறுநாள் அவள் ஒரு லாங்கான் பழத்தை உரித்து, வெள்ளைச் சதையைக் கொஞ்சம் விலக்கிக் கறுப்புக் கொட்டை தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தாள்.

"லிச்சி காய்ச்சிருச்சு. வாங்க" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அடைக்கலம் வந்து இறங்கினார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார். மரத்தில் ஒரு காய் இல்லை, பூதான். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், வேலியோரம் லாங்கானையும் பார்த்தார்.

"நல்லாப் பூத்துருக்கு" என்றார். கை கால் கழுவப் போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவுமில்லை, கேட்கவுமில்லை. பொய் சொல்லி வரவழைத்தவள் இரு என்று எந்த வாயால் சொல்வாள்? அவரும் நாற்பது நாள் லீவு என்று மட்டும் சொன்னார். திரும்பப் போகிற டிக்கெட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

ஆடி லீவுகளில் நிற்பதுபோலவே, அவர் வந்த நாளிலிருந்து குளிர் நின்றது. மூன்றாம் நாள் ஒரு தேனீ வந்தது. நான்காம் நாள் மரம் முழுக்க இரைச்சல். பூ உதிர்ந்த காம்புகளில் மிளகு மிளகாகப் பச்சைப் பிஞ்சு நின்றது. அடைக்கலம் காலையும் மாலையும் தண்ணீர் கட்டினார், எறும்பு ஏறாமல் அடிமரத்தில் சாம்பல் பூசினார், அணில் விரட்டினார். இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் பிஞ்சைப் பார்ப்பாள், அவர் அவளைப் பார்ப்பார், அப்புறம் இருவரும் வேறு ஏதாவது பேசுவார்கள். மிளகு பட்டாணியானது, பட்டாணி நெல்லிக்காயானது. பழுக்க இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும். அவருக்கு மிச்சம் இருந்தது எட்டு நாள்.

எங்களுக்கோ பூவெல்லாம் கூடையிலேயே வாய் பிளந்தது, தஞ்சாவூர் வேன் இரண்டு நாள் வெறுமனே திரும்பிப் போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவனைத் தெருவில் பார்த்தால் எப்ப வந்தீங்க என்று கேட்டு, பதில் வருமுன் எப்பப் போறீங்க என்று கேட்பது எங்கள் ஊர் மரியாதை. அடைக்கலத்தை யாரும் முதல் கேள்வி கேட்கவில்லை, இரண்டாவதை மட்டும் நாளுக்கு நாற்பது தரம் கேட்டோம்.

நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. யாரும் கேட்காமலே மெய்யநாதன் தன் காரை அனுப்பினார். அடைக்கலத்தை வழியனுப்ப வந்த கூட்டம், வரவேற்க வந்ததைவிடப் பெரிது. இளஞ்சியம் வாசற்படியில் நின்று, "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். அவர் தலையாட்டினார். கார் போனது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே நாங்கள் கூடைகளோடு அவள் கொல்லையில் இருந்தோம். முப்பது கூடைக்கு மேல் இருக்கும். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு தாழ்ந்த கிளையிலிருந்த காய்க்கொத்தை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு, குளிர் வந்தால் அந்த ஒரு கொத்தையாவது காப்பாற்றிவிடுவது என்கிற மாதிரி நின்றாள்.

எட்டரை ஆயிற்று. எட்டு நாற்பது. மெய்யநாதன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். நேரம் மாத்திட்டானோ என்றது வெள்ளையம்மா. ஒன்பது ஆயிற்று. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. இளஞ்சியத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவள் நினைத்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்பதரை. வெயில் இலைகளுக்குள் இறங்கியது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது, கையை எடுத்துத் துடைக்கப் பயந்துகொண்டு அப்படியே நின்றாள்.

பத்து மணி பஸ் பத்தே காலுக்கு வந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அடைக்கலம் சந்து வழியாக நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன மாப்ள, பிளைட்ட விட்டுட்டியா?" என்றார் மெய்யநாதன்.

"விட்டுட்டேன்."

"அடுத்தது எப்ப?"

"இல்ல மாமா" என்றார் அடைக்கலம். பெட்டியை இறக்கிவைத்தார். "ஏர்போர்ட்டுக்குள்ள ஏசில உக்காந்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும், எனக்குக் குளுரவே இல்ல. அப்ப அது எங்க போவுதுன்னு நெனச்சேன். இந்தக் காயி மேலதானே வந்து விழுவும்? எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். ஊருக்குள்ள வரத்தான் வெக்கமா இருந்துச்சு. ராத்திரி லாட்ஜுல கெடந்துட்டு வர்றேன்."

இளஞ்சியம் கொத்தை விட்டுவிட்டாள். இத்தனை பேர் நிற்கிறோம் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"நான் பொய் சொல்லிட்டேங்க" என்றாள். "அந்தப் போட்டோவுல இருந்தது…"

"லாங்கான்." அவர் சிரித்தார். "இருபத்திரண்டு வருசம் ரெண்டு பழத்துப் பொட்டியவும் தூக்குனவன்டி. கொட்டையப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

"நீ வாங்கன்னு சொன்னியே. பொய் சொல்லியாச்சும் என்னயக் கூப்புடுறியேன்னு இருந்துச்சு. அப்பவே வந்துட்டேன். நாப்பது நாளா இருங்கன்னும் சொல்லுவன்னு பாத்தேன்."

"சொன்னா இருப்பீங்களா?"

"சொல்லிப் பாரேன்."

அவள் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷம் தொண்டையில் கிடந்தது சட்டென்று வரவில்லை, அழுகைதான் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் புருஷன் முன்னால் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை, அதை நின்று பார்த்திருக்கவும் கூடாது. அழுகைக்கு நடுவே "இருங்க" என்றாள். ஒருதரம் வந்துவிட்டபின் நிறுத்த முடியாமல், இருங்க, இருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அங்கேயே, செம்மண்ணில், மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வாசனை வந்தது. எங்களுக்குப் பின்னால் முப்பது கூடையிலும் மொட்டுகள் வெயில் தாங்காமல் ஒரேயடியாக விரிந்துகொண்டிருந்தன. விரிந்த பூ விலைபோகாது. மெய்யநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளையம்மா தன் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் அதைத் தூக்கி, இரண்டு பேருக்கும் நடுவே கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே நடந்தது. ஒவ்வொருவராக நாங்களும் கூடைகளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். நான் வீடு வந்து சேருமுன் எனக்கும் நன்றாக வியர்த்திருந்தது.